கொடியைக் கண்டு சிரித்தவர்களுக்கு

சென்ற வாரம் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற ஒரு கருத்தரங்கில், ஈரான் குறித்த அமர்வின் முடிவில் எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எந்த நிறுவனம், யார் தலைமை என்பதெல்லாம் இங்கே வேண்டியதில்லை. அமர்வில் பேசிய மூத்த பேராசிரியர் முன்வைத்த வாதம் இது: தன் நாட்டு ஒலிபரப்பை நம்பாமல் இலண்டனிலிருந்து வரும் ஒலிபரப்பை நம்பத் தொடங்கும் மக்கள், அயல்நாட்டுப் படைக்கு மனத்தளவில் வாசலைத் திறந்துவிட்டவர்கள்; ஆகவே முற்றுகைக்குள் இருக்கும் நாட்டில் அரசு ஊடகத்தின் மீதான விமர்சனத்தை ஒத்திவைப்பதே ஏகாதிபத்திய எதிர்ப்பின் முதல் கடமை. நான் எழுந்து, ஈழத்தமிழரின் அனுபவம் இந்த வாதத்துக்கு ஒத்துவரவில்லை என்று தொடங்கினேன். "வவுனியாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த அம்மாமார்களைத்தானே சொல்கிறீர்கள்?" என்றார் அவர். அவை சிரித்தது. மணி அடித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக என்னை விடவில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன். நீளும், பொறுத்தருள வேண்டும்.

ஈரானைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. பாரசீகம் அறியாதவன். ஆனால் பேராசிரியர் தம் உரையில் ஒருமுறைகூடக் குறிப்பிடாத ஒரு நிகழ்வைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் பயணிகள் விமானம் வானிலேயே வீழ்த்தப்பட்டது. 176 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் ஈரானியர். தொழில்நுட்பக் கோளாறு என்று அரசு மூன்று நாள் சாதித்தது. ஏவுகணை என்று சொன்னவர்களை மேற்குலகின் உளவியல் போர்க் கருவிகள் என்றது. 11ஆம் தேதி, தன் படையே தவறுதலாகச் சுட்டது என்று ஒப்புக்கொண்டது. அரசுத் தொலைக்காட்சியின் தொகுப்பாளர்கள் சிலர் வேலையைத் துறந்தனர். அவர்களுள் ஒருவர் இத்தனை ஆண்டு பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். இந்த அவநம்பிக்கையை இலண்டன் உற்பத்தி செய்யவில்லை. டெஹ்ரானே மூன்று நாளில் செய்து முடித்த வேலை அது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக மாற்றி வைத்துவிட்டு, விளைவைத் திட்டிக்கொண்டிருப்பது ஆய்வு ஆகாது.

நான் அறிந்தது இலங்கை வானொலி. திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் வளர்ந்த தமிழர் எவருக்கும் அந்தப் பெயர் வெறும் பெயராக இருக்க முடியாது. சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் தந்தைக்கு, மாலை நேரமென்றால் மத்திய அலைவரிசையில் கொழும்பு. மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டுக்கு உறவினர்போல. அகில இந்திய வானொலி பாட்டுக்கு முன் தயங்கித் தயங்கி நிற்கும். கொழும்பு வாரிக் கொடுக்கும். அயல்நாட்டு அரசு ஒன்றின் ஒலிபரப்பை இவ்வளவு காதலித்த நாங்கள் யாருக்கும் வாசல் திறந்துவிடவில்லை என்பதைப் பேராசிரியர் கவனிக்க வேண்டும்.

அதே நிலையத்தை யாழ்ப்பாணத்தில் எப்படிக் கேட்டார்கள் என்பதை ஆய்வுக்காக நான் தேடத் தொடங்கியபோதுதான், ஒரே வானொலி இரு கரைகளில் இரண்டு பொருள்களாக இருந்தது புரிந்தது. பாட்டு அவர்களுக்கும் இனித்தது. செய்தி நேரம் வந்தால் முகம் மாறிவிடும். வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார்: "அவையள் சொல்லுறதை நாங்கள் நேரா விளங்கிக்கொள்ளுறேல்லைத் தம்பி. இருபது பயங்கரவாதியள் செத்தினம் எண்டு சொன்னால், எந்த ஊர், ஆற்றை பிள்ளையள் எண்டுதான் முதலில் கேக்கிறனாங்கள்." இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. பொய்யை வைத்து உண்மையைக் கணிக்கும் ஒரு வாசிப்பு முறை அது. பல ஆண்டுப் பயிற்சியால் வந்தது.

அந்தப் பயிற்சியைக் கொடுத்தது யார்? 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தைச் சட்டம் இயற்றி அரசு கையகப்படுத்தியது. தினகரன் உட்பட ஏரிக்கரைப் பத்திரிகைகள் அனைத்தும் அன்றிலிருந்து ஆளுங்கட்சியின் குரலாயின. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் சாம்பலானது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அச்சகமும் எரிக்கப்பட்டன. தெற்கின் பத்திரிகைகள் நூலகச் செய்தியை விழுங்கிவிட்டன. எரித்தவர்கள் தங்கள் செய்தியாளர்களையும் எரித்தார்கள், மற்றவர்களின் செய்தியாளர்கள் வாய்மூடிக்கொண்டார்கள் என்று யாழ்ப்பாணத்தான் ஒருவன் முடிவு கட்டினால் அதில் என்ன மிகை இருக்கிறது?

1983 ஜூலையில் இன்னும் கூர்மையாக நடந்தது. 23ஆம் தேதி இரவு திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் பெரிதாகப் போனது. அதற்குப் பழியாகப் படையினர் மறுநாள் யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் பலரைச் சுட்டுக் கொன்ற செய்தி போகவில்லை. கொழும்பு நான்கு நாள் எரிந்த பிறகு, 28ஆம் தேதி, ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன தொலைக்காட்சியில் தோன்றினார். வீடிழந்து முகாம்களில் கிடந்த தமிழருக்கு ஓர் அனுதாபச் சொல் அந்த உரையில் இல்லை. சிங்கள மக்களின் மனக்குறையைப் பற்றிய பேச்சு இருந்தது. அந்த ஆகஸ்டில் வந்த ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம், பிரிவினையை நிராகரித்து உறுதிமொழி எடுக்கச் சொன்னது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இருக்கைகளை இழந்தனர். பொதுத்தேர்தலையோ 1982 டிசம்பர் வாக்கெடுப்பின் மூலம் அரசு ஏற்கெனவே தள்ளிப்போட்டிருந்தது. பத்திரிகை எரிந்தது, வானொலி பொய்த்தது, நாடாளுமன்றக் கதவும் சாத்தப்பட்டது. இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பேராசிரியர் நடுவிலிருப்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதையும் மக்களின் குற்றமாக எழுதுகிறார்.

மாலையில் திருச்சி வானொலி, இரவில் பிபிசி தமிழோசை. யாழ்ப்பாணம் தன் ஊர்ச் செய்தியை அயலூரிலிருந்து கேட்டறிந்த காலம் அப்படித் தொடங்கியது. பின்னாளில் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வந்து சேர்ந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் மின்சாரம் இல்லை, மின்கலங்களும் தடைப்பட்ட பொருளாயின. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேச, சுற்றி அமர்ந்து செய்தி கேட்டார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி தேயும். "உள்ளூர் நிலையம் இருக்கும்போது எதற்கு இந்த உழைப்பு?" என்று கேட்க நம் கருத்தரங்குகளில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இனி 1987. என் வாதம் முழுவதும் இந்த ஓராண்டில்தான் நிற்கிறது.

மே இறுதியில் இலங்கைப் படை வடமராட்சி நடவடிக்கையைத் தொடங்கியது. ஜூன் 3இல் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவுப் பொருளைப் போட்டுவிட்டுத் திரும்பின. இந்தியா அதற்கு வைத்த பெயர் பூமாலை. ஊரில் அதற்குப் பெயர் 'பருப்புப் போட்டது'. கொழும்பின் ஊடகங்கள் இறையாண்மை மீறல் என்று கூவின.

அவை சொன்னது உண்மை. அழைப்பின்றி இன்னொரு நாட்டின் வான்வெளியில் போர் விமானங்களோடு நுழைவது இறையாண்மை மீறலே. உதவிக்கு வருபவனுக்குத் தன் கணக்கு ஒன்று இருக்கும் என்ற எச்சரிக்கையும் உண்மையே. புது டெல்லிக்குத் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றியும் அயல் வானொலி நிலையங்களைப் பற்றியும் இருந்த கவலைகள், எட்டு வாரம் கழித்து உடன்படிக்கையோடு இணைக்கப்பட்ட கடிதங்களில் வெளிப்படையாகவே எழுதப்பட்டன. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த எச்சரிக்கையைக் கேட்க ஒருவரும் இல்லை. நூலகம் எரிந்தபோது பேசாத வாய், பருப்பு விழுந்தபோது இறையாண்மை என்றது. பதினைந்து ஆண்டு பொய் சொன்னவன் ஒருநாள் மெய் சொன்னபோது அதற்கு மதிப்பில்லாமல் போனது. அரசு ஊடகம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய பெருங்கேடு இதுவென்றே நான் கருதுகிறேன்: பொய்யை நம்பவைப்பது சிறு கேடு. மெய்யான ஆபத்து வரும்போது எச்சரிக்கும் ஆற்றலைத் தானே அழித்துவைத்திருப்பது பெருங்கேடு. விமர்சனத்தை ஒத்திவைக்கச் சொல்கிறவர்கள் இந்த அழிவைத்தான் நீட்டிக்கச் சொல்கிறார்கள்.

ஜூலை 29இல் உடன்படிக்கை. மறுநாளிலிருந்து இந்திய அமைதிப்படை வந்திறங்கியது. மாலையும் குங்குமமுமாக வரவேற்றார்கள். அந்தப் படங்களைக் காட்டி, அயல்படையை வரவேற்ற மக்கள் என்று எழுதுகிறவர்கள் அடுத்த எழுபது நாளை எழுதுவதில்லை. செப்டம்பர் 15 முதல் 26 வரை நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாமல் கிடந்து இறந்தார். அக்டோபர் 10 அன்று போர் தொடங்கியது. அமைதிப்படை முதலில் கைவைத்த இடங்கள் எவை? ஈழமுரசு, முரசொலி என்னும் இரண்டு நாளிதழ்களின் அச்சகங்கள். (இந்த முரசொலி யாழ்ப்பாணத்துப் பத்திரிகை, சென்னை முரசொலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆறாண்டுக்கு முன் ஈழநாட்டை எரித்த அரசும், அதனிடமிருந்து காக்க வந்த அரசும், ஊரின் அச்சு இயந்திரத்தை ஒரே கண்ணால்தான் பார்த்தன. அக்டோபர் 21, தீபாவளியன்று, படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தது. மருத்துவர், செவிலியர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அந்த நாட்களில் அகில இந்திய வானொலி தந்தது புது டெல்லியின் அறிக்கைகளை. 1983இல் ஆறுதலாக ஒலித்த குரல், தன் படை வேறொருவர் ஊரில் இறங்கியதும், கொழும்பு நிலையத்தின் குரலாகவே மாறிவிட்டது. மொழி நல்ல தமிழாக இருந்தது என்பது மட்டும்தான் வேறுபாடு.

இப்போது பேராசிரியரின் சமன்பாட்டை எடுத்துப் பாருங்கள். 1987 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு அரசு ஊடகத்தின்மேல் நம்பிக்கை இல்லை. அயல் தலையீட்டை வரவேற்றது. 1988இலும் நம்பிக்கை வந்துவிடவில்லை, தலையீட்டையோ வெறுத்தது. ஒரு மாறி அசையாமல் நிற்க, மற்றொன்று தலைகீழாகப் புரண்டிருக்கிறது. முதலாண்டு மாணவரிடம் இந்த இரண்டு நெடுவரிசைகளைக் கொடுத்தால்கூட, ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதமாட்டார்.

தெற்கைப் பாருங்கள், இதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. உடன்படிக்கையை ஏரிக்கரைப் பத்திரிகைகளும் ரூபவாகினியும் போற்றின. ஏனென்றால் அது ஜனாதிபதியின் உடன்படிக்கை. சிங்கள இளைஞர்கள் அதை நம்பவில்லை. கொழும்பில் ஊரடங்கு போட்டுத்தான் கையெழுத்திட வேண்டியிருந்தது. அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படை வீரர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். ஜே.வி.பி. இந்தியப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொல்லி ஊர் ஊராக மிரட்டியது. 1989 ஜூலையில், அரசு ஒலிபரப்போடு தொடர்புடைய தேவிஸ் குருகேயும் பிரேமகீர்த்தி டி அல்விஸும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள், பழி ஜே.வி.பி.யின் ஆயுத அணிமேல் விழுந்தது. அதே ஊடகம், அதே அவநம்பிக்கை. வடக்கில் அது அயற்படைக்கு மாலையாகவும் தெற்கில் அயற்படைக்கு எதிரான கொலைவெறியாகவும் வெளிப்பட்டது. அவநம்பிக்கை தானாக எந்தத் திசையிலும் நடப்பதில்லை. அரசு எதை இகழ்கிறதோ அதன்மேல் ஒரு நப்பாசையையும், எதைப் புகழ்கிறதோ அதன்மேல் ஒரு வெறுப்பையும் அது தற்காலிகமாக உண்டாக்குகிறது. அதற்குமேல் அதனிடம் கேட்கக்கூடாது.

அப்படியானால் அயற்படையை வரவேற்கச் செய்வது எது? இந்த இடத்தில் இந்தியாவைக் கொஞ்சம் பார்க்கலாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை, நம் வானொலியை நம்பாதவர்கள் பிபிசியைத் திருப்பினார்கள். வானொலியின் பெயரையே ஆட்சியாளரின் பெயராக்கிக் கேலி பேசினார்கள். 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் சுடப்பட்டபோது, இறந்துவிட்டார் என்பதை நம் வானொலி மாலைவரை சொல்லவில்லை. வங்காளத்தில் பயணத்திலிருந்த மகன் ராஜீவ், தாயின் முடிவை பிபிசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது பலரும் எழுதிய செய்தி. மூன்றாண்டு கழித்து அயல்நாட்டுக்குப் படை அனுப்பிய பிரதமர், தன் நாட்டு வானொலியை அன்று நம்பவில்லை! ஆயினும் நெருக்கடி நிலையில் எந்த இந்தியனும் பிரிட்டிஷ் படை வந்து காக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தேசபக்தி என்று பேராசிரியர் சொல்லக்கூடும். எனக்கு அதைவிட எளிய விடை தெரிகிறது. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உள்ளே ஒரு கதவு திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கதவு 1983இலேயே அடைக்கப்பட்டிருந்தது.

(கேரளத்துக்காரர்கள் இதில் பெருமை கொள்ள வேண்டாம். அந்தத் தேர்தலில் வடக்கு ஆட்சியைத் தூக்கியெறிந்தபோது, இங்கே 20 மக்களவைத் தொகுதிகளும் ஆளுங்கூட்டணிக்கே போயின. சட்டமன்றத்தில் 140இல் 111. கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர் ராஜன் காவலில் மாண்டது, அவருடைய தந்தை ஈச்சர வாரியர் உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகே நாடறிந்தது. ஏப்ரலில் கருணாகரன் பதவி விலகினார். ஊடகத்தை நம்பியதால் வாக்களித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து உண்மையைத் தெரிந்துகொண்ட மாநிலம் இது. அவநம்பிக்கையை நோயாகப் பேசுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.)

இனி வவுனியாவின் கொடிக்கு வருகிறேன். அதற்கு வன்னி வழியாகத்தான் போக வேண்டும்.

2008 செப்டம்பரில், அரசின் உத்தரவுப்படி, ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் வாயிலில் திரண்டு கெஞ்சினார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்ததா? கப்பல் இருந்ததா? வெள்ளை வண்டியும் குறிப்பேடும்தான் இருந்தன. நடக்கப்போவதைக் கண்ணால் கண்டு வெளியே சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே அந்தக் கெஞ்சல். அயல் தலையீடு என்று நாம் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கும் மூட்டைக்குள் சாட்சியும் இருக்கிறது, சோறும் இருக்கிறது, குண்டும் இருக்கிறது. மக்கள் எதைக் கேட்டார்கள் என்று பிரித்துப் பார்க்காமல், கேட்டார்கள் என்று மட்டும் அட்டவணையில் குறித்துக்கொள்கிறோம்.

2009 ஜனவரியிலிருந்து துண்டறிக்கையாலும் ஒலிபரப்பாலும் அரசு பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. நம்பிப் போனார்கள். அந்த வலயங்களுக்குள் எறிகணை விழுந்தது. பெருமளவில் விழுந்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் வல்லுநர் குழு 2011இல் எழுதியது. பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்று அரசு ஊடகம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. தொலைபேசியில் இழப்பைச் சொல்லிக்கொண்டிருந்த அரசு மருத்துவர்கள் கைதாகி, ஜூலையில் செய்தியாளர் முன் அமர்த்தப்பட்டு, சொன்னதெல்லாம் மிகை என்று சொன்னார்கள். அதை ஒளிபரப்பினார்கள். யாரும் நம்பவில்லை, நம்பவைக்கும் நோக்கமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாய் யாருடையது என்று காட்டினார்கள், அவ்வளவே.

இங்கே நான் எங்கள் தரப்பைத் தப்பவிடப் போவதில்லை. அரசின் பொய் புலிகளின் குரலை மெய்யாக்கிவிடவில்லை. தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே வல்லுநர் குழுதான் எழுதியது. அதைப் புலிகளின் வானொலி சொல்லவில்லை. இந்தியா விடாது, அமெரிக்கக் கப்பல் வரும், தேர்தல் முடிவு வந்தால் எல்லாம் மாறும் என்ற பேச்சுகளை வன்னிக்கு ஏற்றுமதி செய்ததில் தமிழ்நாட்டுக்கும் புலம்பெயர்ந்த ஊடகங்களுக்கும் பங்குண்டு. ஏப்ரல் 27 அன்று முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் காலை உண்ணாநோன்பு தொடங்கி, போர்நிறுத்தம் வந்துவிட்டது என்று சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்துவதில்லை என்பதே கொழும்பு சொன்னது, அதுவும் காக்கப்படவில்லை. இங்கே ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினோம். உள்ளூர் ஒலிபரப்பை நம்ப முடியாத மக்கள் எங்கள் ஒலிபரப்பை நம்பினார்கள், நாங்கள் அவர்களுக்குச் செய்தியின் பெயரால் ஆசையை அனுப்பினோம். பேராசிரியர் இதைச் சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். அவர் ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு தரப்பையும் நம்பாமல் இருப்பது இயலுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் நால்வர் அதைச் செய்து காட்டினார்கள். 'முறிந்த பனை' அப்படி எழுதப்பட்ட நூல்: இலங்கைப் படை செய்தது, அமைதிப்படை செய்தது, இயக்கங்கள் செய்தது என மூன்றையும் ஊர்ஊராகக் கேட்டு, எழுதி வைத்தார்கள். நால்வருள் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. குளிரூட்டிய அரங்கில் அமர்ந்து 'இது விமர்சனத்துக்கான நேரமன்று' என்று ஆய்வாளர்களுக்கு அறிவுரை கூறுகிறவர்கள், எறிகணைக்கு நடுவே குறிப்பெடுத்தவர்களிடமிருந்து நேரத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம்.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்தார்கள். வவுனியாவிலும் பிற ஊர்களிலும் அப்படியே. போர் முடிவில் படையிடம் தங்கள் கையால் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பது அவர்களுள் பலரின் கேள்வி. ஆணைக்குழுக்கள் வந்தன, சாட்சி சொன்னார்கள். காணாமல் போனோர் அலுவலகம் வந்தது. இவர்கள் அதை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதற்கு இதுவரை எழுதியதே விடை. ஜெனீவாவில் தீர்மானங்கள் வந்தன. 2015இல் இணை அனுசரணை வழங்கிய அதே அரசுக் கட்டமைப்பு 2020இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. வவுனியாவின் தாய்மார் ஒரு கட்டத்தில் அமெரிக்க, ஐரோப்பிய ஒன்றியக் கொடிகளைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்கா ஈராக்கில் செய்ததை அவர்கள் அறியாதவர்களா? இந்தியப் படை தங்கள் ஊரில் செய்ததை இளமையில் கண்ணால் கண்ட தலைமுறை அது. ஏகாதிபத்தியம் பற்றிய பாடம் அவர்களுக்கு 1987 அக்டோபரில் நடந்தது, நமக்குப் பாடநூலில். தெரிந்தும் அந்தக் கொடியை எடுத்தார்கள் என்றால், உள்நாட்டில் தட்ட இன்னும் எத்தனை கதவு மிச்சமிருந்தது என்பதே ஆய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கொட்டகைகளில் அமர்ந்தவர்களுள் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

மறு தரப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவைப் படித்துவிட்டு என்னைத் தங்கள் பக்கத்தவனாகக் கருதக்கூடியவர்கள் அங்கும் உண்டு. 2025 ஜூன் 16 அன்று டெஹ்ரானின் அரசுத் தொலைக்காட்சிக் கட்டடத்தை இஸ்ரேல் தாக்கியது. தொகுப்பாளர் நேரலையில் எழுந்து ஓடிய காட்சியை நம் நண்பர்கள் சிலர் சிரிப்புக் குறியோடு பகிர்ந்தார்கள். பொய்யின் கோட்டை விழுந்தது என்று எழுதினார்கள். ஒரு வாரத்துக்குள் அதே படை எவின் சிறைச்சாலையையும் தாக்கியது. அரசு ஊடகத்தை நம்பாததால் அடைக்கப்பட்டவர்களும் அந்தச் சிறையில்தான் இருந்தார்கள். அக்டோபர் 10 என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரானியரின் மனத்தைப் பற்றி ஒரு கருத்துக்கணிப்பின் இரண்டு வினாக்களை ஒட்டவைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எந்தச் செய்தியை நம்புகிறாய் என்பது ஒரு வினா. யார் வந்து குண்டு போட வேண்டும் என்பது முற்றிலும் வேறு வினா. முதல் வினாவுக்கு இலண்டன் என்று விடை சொன்னவர், இரண்டாவதற்கு ஒருவரும் வேண்டாம் என்று சொல்லக்கூடும். 1988இல் யாழ்ப்பாணம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டு எழுத அன்று நம் பல்கலைக்கழகங்களிலிருந்து யாரும் போகவில்லை.

பேராசிரியர் இதைப் படிப்பார் என்று தெரியும். மறுப்பு எழுதட்டும், 1987 ஜூனுக்கும் 1988க்கும் நடுவே எது மாறியது என்பதற்கு அவருடைய விடையை அறிய விரும்புகிறேன்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1983க்கும் 1990க்கும் இடையில் திருச்சி வானொலிக்கோ தமிழோசைக்கோ இலங்கையிலிருந்து எழுதப்பட்ட நேயர் கடிதங்களின் படிகள், அக்கால வானொலிக் குறிப்பேடுகள் யாரிடமேனும் இருந்தால் உட்பெட்டியில் தெரிவியுங்கள். சாலைத் தெருவிலும் கரமனையிலும் உள்ள பழைய வீடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைத்தவை எல்லாம் பாட்டு கேட்டு எழுதியவை.